14 மாதக் கியூ: ஒரு அரசு மருத்துவமனையின் ஹார்மோன் சிகிச்சைப் பிரிவு

சிகிச்சைக்கு 5-க்கு 4½. காத்திருப்புக்கு 5-க்கு 1½. இரண்டையும் கூட்டிச் சராசரி போட எனக்கு மனம் வரவில்லை. முதலாவது டாக்டர்களும் நர்ஸ்களும் எனக்குச் செய்தது, இரண்டாவது அந்தக் கட்டடம் எனக்குச் செய்தது.

நான் ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்ட ஆண். வயது 29. கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கம்பெனியில் பில்லிங்கும் கணக்கும் பார்க்கிறேன். 2022 ஜூனில் முதல் ஓ.பி. சீட்டு வாங்கினேன். 2023 ஆகஸ்டில் முதல் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். நடுவில் 14 மாதம், 19 தடவை ராத்திரி பஸ். மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெயரைச் சொன்னால் அங்கே எனக்கு நல்லது செய்தவர்களையும் யாராவது தேடிப் போவார்கள்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த 14 மாதம்கூட இல்லை. அதற்கு முன்னால் நானாகவே வீணாக்கிய மூன்று வருடம்.

இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று 2019-லேயே இன்னொரு திருநம்பி எனக்குச் சொல்லிவிட்டான். அப்போது எனக்கு வயது 23. நான் போகவில்லை. அங்கே போய்ப் பெயர் எழுதினால் ஊசி போட்டுக்கொள்ள முடிவு செய்துவிட்டேன் என்று அர்த்தம், முடிவு செய்ய வேண்டுமென்றால் மனதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கக் கூடாது, அந்த நாள் வரட்டும், அப்புறம் போகலாம் என்று இருந்தேன். அக்கா கல்யாணம் முடியட்டும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும். இன்னும் கொஞ்சம் பணம் சேரட்டும். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். ஆனால் இதில் எதுவுமே ஓ.பி. சீட்டு வாங்குவதற்குத் தடை இல்லை. ஊசி போட்டுக்கொள்வதற்குத்தான் தடை. இது இரண்டும் வேறு வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு காரணம் பயம். அதே 2019-இல் அப்பா என்னை ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். அவர் என்னிடம் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. அப்பாவிடம் ‘சரி பண்ணிடலாம்’ என்று சொல்லி மாத்திரை எழுதினார். நாலு மாதம் சாப்பிட்டேன். பகலெல்லாம் தூக்கம், கணக்கில் தப்பு, முதலாளியிடம் திட்டு. மாறியது அது மட்டும்தான். அதன் பிறகு மனநலப் பிரிவு என்ற போர்டைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

அந்தப் பயம் கொஞ்சம் இறங்கியது 2021 ஜூனில். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் இப்படிப்பட்ட ‘சரி பண்ணும்’ முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னார். தனக்கு இந்த விஷயம் முழுதாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு தீர்ப்பு எழுதியவர் அவர். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அது மருத்துவருக்கு ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அந்தச் செய்தியைக் கத்தரித்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில் எங்களை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டது. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் மறுபடி ஒரு மனநல மருத்துவர் முன்னால் உட்கார எனக்குத் தெம்பு வந்தது.

சரி, மருத்துவமனைக்கு வருகிறேன்.

முதல் சிக்கல் ஓ.பி. கவுண்டரிலேயே ஆரம்பித்துவிடும். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. காலை 7 மணிக்கு, ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த உடம்போடு, உள்ளே மார்பைத் தட்டையாக்கும் பைண்டர் பனியனை இறுக்கிக்கொண்டு, எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன். பெண்கள் வரிசையில் போனால் ‘ஏம்பா, அந்தப் பக்கம் போ’ என்றார்கள். ஆண்கள் வரிசையில் நின்று ஆதாரை நீட்டினால் கவுண்டர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போகச் சொன்னார். ஓரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் ஒரு ஜன்னல் உண்டு. எங்களுக்கும் அங்கேதான் சீட்டு தருவார்கள். இதை எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. மூன்றாவது தடவை போனபோதுதான் ஒரு திருநங்கை அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒரு தாளில் எழுதி ஒட்ட எத்தனை நிமிடம் ஆகும்? காத்திருப்புக்குக் குறைத்த மூன்றரை மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் அந்த ஒட்டப்படாத தாளுக்காக.

14 மாதம் எங்கே போனது என்று சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் கிழமை தெரியாததால் போனது. இந்தப் பிரிவு வாரத்தில் ஒரு நாள்தான் நடக்கும், அன்றைக்கு அரசு விடுமுறை என்றால் அடுத்த வாரம். அடுத்த ஆறு மாதம் உளவியலாளரிடம். நாலு முறை உட்கார வேண்டும். ஆனால் இருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டார், அந்த இடத்துக்கு வேறு ஆள் வர மூன்று மாதம் ஆனது. அப்புறம் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். கடைசியாக மனநல மருத்துவர், ஹார்மோன் மருத்துவர், மகளிர் மருத்துவர், அறுவை சிகிச்சை மருத்துவர் எல்லாரும் சேர்ந்து உட்காரும் போர்டு. அது இரண்டு தடவை தள்ளிப்போனது. உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டியின் 2022 பதிப்பு, ஹார்மோன் தொடங்க மாதக்கணக்கில் மனநல ஆலோசனையைக் கட்டாயமாக்க வேண்டாம், தகுதியுள்ள ஒருவரின் மதிப்பீடு போதும் என்கிறது. திருநர் உரிமைகளுக்கான 2019-ஆம் வருட மத்தியச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஹார்மோன் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வது அரசின் கடமை என்கிறது. 2008-லேயே எங்களுக்கென்று நலவாரியம் தொடங்கிய மாநிலம் இது. ஒரு நாற்காலி காலியாக இருப்பதால் முப்பது பேர் மூன்று மாதம் நிற்பது இங்கே நடக்கக் கூடாது.

ஆனால் அந்த உளவியலாளர் அறையைப் பற்றி நான் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் உண்மையில் முடிவு செய்தது அங்கேதான்.

புதிதாக வந்தவர் ஒரு மேடம். நான் தயாரித்து வைத்திருந்த பதில் எதையும் அவர் கேட்கவில்லை. சின்ன வயதில் என்ன விளையாடினாய், என்ன டிரஸ் பிடிக்கும் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து நடுவில் கோடு போடச் சொன்னார். ஒரு பக்கம் ‘திரும்பும்’, இன்னொரு பக்கம் ‘திரும்பாது’. ஊசியை நிறுத்தினால் மாதவிலக்கு பெரும்பாலும் திரும்ப வரும். உடம்பில் கொழுப்பு சேரும் விதம் திரும்பும். தசை பழைய நிலைக்குப் போகும். குரல் திரும்பாது. முளைத்த மீசை தாடி தானாகப் போகாது. பிறப்புறுப்பில் வரும் சில மாற்றங்கள் திரும்பாது. பிள்ளை பெறுவது எந்தப் பக்கம் என்று கேட்டேன். அதை நடுக்கோட்டின் மேலேயே எழுதச் சொன்னார். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், அதனால் முன்கூட்டியே யோசியுங்கள் என்றார். கருமுட்டையை எடுத்துப் பாதுகாக்கும் வசதி தனியாரில் உண்டு, அதன் செலவு என் சம்பளத்துக்கு எட்டாது. அதை நினைத்து ஒரு மாதம் எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளை வேண்டாம் என்று எனக்கு முன்பே தெரியும். ஆனால் வேண்டாம் என்பது வேறு, அந்தக் கதவை நானே சாத்துவது வேறு.

அப்புறம் அந்த மேடம் ஒன்று கேட்டார். “குரல் மாறினதுக்கு அப்புறம் நீங்க வீட்டுக்கு போன் பண்ணுவீங்க. ‘யாரு பேசறது’ன்னு கேப்பாங்க. அப்போ என்ன சொல்லுவீங்க?”

என்னிடம் பதில் இல்லை. 23 வயதிலிருந்து நான் யோசித்ததெல்லாம் மீசையைப் பற்றி, மார்பைப் பற்றி, ஆதார் கார்டைப் பற்றி. எங்கள் ஆச்சி போனை எடுத்து ‘யாரு பேசுதது’ என்று கேட்பதை நான் யோசித்ததே இல்லை. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த தேதிக்குள் அக்காவிடம் சொன்னேன். அதற்கடுத்த தேதிக்குள் அம்மாவிடம். அம்மா இரண்டு வாரம் பேசவில்லை, மூன்றாவது வாரம் டப்பாவில் புளியோதரை கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள். அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால் இதையெல்லாம் நான் செய்திருப்பேனா என்று தெரியாது. அதற்காகக் காத்திருப்பு நல்லது என்று நான் சொல்லவே மாட்டேன். அந்த வேலைக்கு எனக்குத் தேவைப்பட்டது மூன்று மாதம். மீதி 11 மாதம் என்னிடமிருந்து பிடுங்கியது.

அந்த 11 மாதத்தில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் கிடைக்கும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துதான், ஆனால் கிடைக்கும். போர்டு இரண்டாவது தடவை தள்ளிப்போன அன்று ஒருவன் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்கு முந்தின வருடமே என் நண்பன் ஒருவன் அந்த வழியில் போயிருந்தான். சீக்கிரம் மாற வேண்டும் என்று வாரத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டான். ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ஆறாவது மாதம் தலைவலி, முகமெல்லாம் சிவப்பு, காதுக்குள் இரைச்சல். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூட்டும். அளவு மிஞ்சினால் ரத்தம் கெட்டியாகி உறையும் ஆபத்து வரும். அதைப் பார்க்கத்தான் ஹெமட்டோகிரிட் என்று ஒரு பரிசோதனை, ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று சொல்லும். 54-ஐத் தாண்டினால் டாக்டர்கள் ஊசியை நிறுத்திவிடுவார்கள். அவனுக்கு 58. ஊசியில் ரத்தத்தை எடுத்து வெளியே கொட்டித்தான் இறக்கினார்கள். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி, ‘கியூல பேரு குடுத்திருந்தா இந்நேரம் ஒழுங்கா கிடைச்சிருக்கும்ல’ என்றான். அவன் பெயர் கொடுக்காததற்கும் காரணம் நான் மூன்று வருடம் சொன்ன அதே காரணம்தான்: இன்னும் முழுசா முடிவு பண்ணல.

திருநங்கைத் தோழிகள் சிலர் மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி இரண்டு மூன்றாகப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அதில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ரடையால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி உண்டாக்கக்கூடியது, அதிலும் சிகரெட் பிடிப்பவர்களுக்கு. டாக்டர்கள் இந்தச் சிகிச்சைக்கு அதைக் கொடுப்பதில்லை, எஸ்ட்ரடையாலையே மாத்திரையாகவோ ஜெல்லாகவோ கொடுக்கிறார்கள். தயவுசெய்து அந்த மாத்திரை வேண்டாம்.

தனியாரில் ஒரு இடத்துக்கும் நடுவில் போய்ப் பார்த்தேன். முதல் நாளே சீட்டு எழுதித் தந்தார்கள். ஆனால் ரத்தம் எடுக்கவில்லை, அடுத்து எப்போது வர வேண்டும் என்றும் சொல்லவில்லை. வசதி இருந்து, பரிசோதனையெல்லாம் ஒழுங்காகச் செய்யும் தனியார் டாக்டர் கிடைத்தால் அங்கே போவதில் எந்தத் தவறும் இல்லை. எனக்கு அப்படி அமையவில்லை.

இப்போது அந்த 4½ எதற்கு என்று சொல்கிறேன்.

ஹார்மோன் மருத்துவர் முதல் நாள் அரை மணி நேரம் பேசினார். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், அவர் அவசரப்படவில்லை. மாதவிலக்கு நிற்க ஆறு மாதம் வரை ஆகலாம், குரல் முழுதாக இறங்க ஒன்றிரண்டு வருடம் ஆகலாம், மீசைக்குப் பொறுமை வேண்டும், முதலில் வருவது முகப்பருதான் என்றார். மாதவிலக்கு நின்றாலும் இது கருத்தடை ஆகாது என்பதையும் கூச்சப்படாமல் சொன்னார். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும், அந்தத் தேதி தவறினால் அடுத்த ஊசி கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்தது.

ஊசி அறை சிஸ்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். என் ஓ.பி. நோட்டில் அச்சாகியிருந்த பழைய பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் என் பெயரை எழுதிவைத்து, அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். முதல் ஊசி அன்று ஆம்பூலைக் கையில் உருட்டிச் சூடாக்கிக்கொண்டே, “தம்பி, நிலக்கடலை ஒத்துக்குமா? இந்த மருந்து கடலை எண்ணெயிலதான் கலந்திருக்கு” என்றார். சஸ்டனான் அப்படித்தான். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அதைப் போடக் கூடாது. எனக்குக் கோவில்பட்டி என்றேன், கடலைமிட்டாய்க் கம்பெனியில் வேலை என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன், ஊசி இறங்கிவிட்டது. எண்ணெய் மருந்து என்பதால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு நாள் உட்கார முடியாது. அந்த சிஸ்டர் கையில் எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை. அடுத்த தடவை அவருக்கு ஒரு கிலோ கடலைமிட்டாய் கொண்டுபோனேன். எல்லா ஊழியருக்கும் பங்கு வைத்தார்.

குறை அங்கேயும் உண்டு. மருந்தகத்தில் ஊசி மருந்து சில மாதம் வராது, வெளியே வாங்கி வரச் சொல்வார்கள். ஹாலில் பெயர் கூப்பிடுபவர் நோட்டில் உள்ள பழைய பெயரைத்தான் சத்தமாகக் கூப்பிடுவார், பென்சில் எழுத்தை அவர் பார்ப்பதில்லை. மாவட்ட ஆட்சியரிடம் அடையாளச் சான்று வாங்கி, அதை வைத்து ஆதாரை மாற்றிய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. வரிசையில் நிற்கும் மாதங்களில் அந்த வேலையைப் பார்த்துவிடுங்கள். நான் பின்னால் செய்தேன், முன்னால் செய்திருக்க வேண்டும்.

ஐந்தாவது மாதம் ஒருநாள் ஆச்சிக்கு போன் போட்டேன். கயத்தாறு பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். அதுவரை அக்காதான் பேசிக்கொண்டிருந்தாள், என் குரல் உடைந்து இரண்டு மூன்றாக வந்ததால் நான் பேசவில்லை.

“யாரு பேசுதது?”

“நாந்தான் ஆச்சி.”

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், “தொண்டை கட்டியிருக்கா? வா, கசாயம் வச்சித் தாரேன்” என்றாள். போனேன். கசாயத்தைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. ‘ஏட்டி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் இப்போது பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுகிறாள், பழைய பெயரைத்தான். போன பொங்கலுக்கு ஒரே ஒரு தடவை, அடுப்படியிலிருந்து, ‘எலேய், விறகு எடுத்தா’ என்று சத்தம் வந்தது. அங்கே வேறு பையன் யாரும் இல்லை.

என் ஹெமட்டோகிரிட் இப்போது 47. ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று. மூன்றாவது வாரக் கடைசியில் கொஞ்சம் சோர்வும் எரிச்சலும் வரும், ஊசி போட்ட இரண்டாம் நாள் சரியாகிவிடும். முதல் வருடம் முடிந்ததும் ரத்தப் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆக்கிவிட்டார்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கு: ஆதார் நகல் நாலு, பழைய மருத்துவச் சீட்டு எல்லாம், சாப்பிடாமல் ஒரு நாள் ரத்தம் கொடுக்க வேண்டிவரும் என்பதால் கையில் பிஸ்கட். மே மாதம் பைண்டர் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் உட்காராதீர்கள், மயக்கம் வரும். தொளதொள சட்டையும் உள்ளே ஒரு பனியனும் போதும். கிரேப் பேண்டேஜ் சுற்றவே சுற்றாதீர்கள், மூச்சை இழுக்கும்போது விலா எலும்பை நெரிக்கும்.

போன மாதம் நான் போயிருந்தபோது அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இருபது வயது இருக்கும். கட்டை முடி, முழுக்கைச் சட்டை, கையில் கசங்கிய ஆதார் நகல். ஓரத்து ஜன்னலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே போய் நின்றதும் அவனுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

“இன்னைக்கே ஊசி போட்டுருவாங்களாண்ணா? நான் இன்னும் வீட்ல எதுவும் சொல்லல.”

“இல்ல தம்பி, இன்னைக்குப் பேரு மட்டும்தான் எழுதுவாங்க” என்றேன். அவன் நகலை ஜன்னலுக்குள் நீட்டினான்.